மதுரையில் இரண்டு நாள்: கேட்டவர்களுக்குப் பதில்

மாசி வீதியில் பிறந்து வளர்ந்தவன் நான். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவதுதான் தொழில். சனி, ஞாயிறு மதுரைக்கு வர நினைப்பவர்கள் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

சென்னையிலிருந்து: வெள்ளி ராத்திரி ரயில் ஏறுறோம், ஞாயிறு ராத்திரி திரும்பணும். மீனாட்சி கோயில், மகால், அப்படியே ராமேஸ்வரம். முடியுமாண்ணா?

ராமேஸ்வரத்தை விட்டுவிடுங்கள் தம்பி. போக 170 கிலோமீட்டர், வர 170 கிலோமீட்டர். உங்கள் இரண்டு நாளில் ஒன்று பஸ் சீட்டிலேயே போய்விடும்.

மதுரையைச் சுற்றுவதற்கு ஒரே ஒரு கணக்குதான், அது கோயில் நடை. விடியற்காலையில் திறந்து மதியம் பன்னிரண்டரை வாக்கில் சாத்துவார்கள். மறுபடி நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். இது தெரியாமல் பதினொன்றரைக்கு வரிசையில் போய் நின்று, தரிசனம் கிடைக்காமல் கண் கலங்கித் திரும்பிய குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ரயில் விடியலில் வந்துவிடும். லாட்ஜில் குளித்துவிட்டு, டவுன்ஹால் ரோடு வழியாக நடந்தே கோயிலுக்குப் போய்விடலாம். நடை சாத்தியிருக்கும் நேரத்துக்கு மகாலை வைத்துக்கொள்ளுங்கள். 1636-இல் திருமலை நாயக்கர் கட்டியதில் இன்று நிற்பது ஒரு பகுதிதான். அந்தத் தூண்களுக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் முழு அரண்மனையும் எப்படி இருந்திருக்கும் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

ராத்திரி ஒன்பது மணிக்குமேல் மறுபடி கோயிலுக்கு வாருங்கள். பள்ளியறை பூஜைக்காகச் சொக்கநாதரின் பாதங்களைப் பல்லக்கில் வைத்து அம்மன் சன்னதிக்குக் கொண்டுபோவார்கள். சாம்பிராணிப் புகை, மேளம், பல்லக்கோடு கூடவே நடக்கிற நாலைந்து பாட்டிமார்கள். பகலில் தள்ளுமுள்ளாக இருந்த பிரகாரம் அந்த நேரத்தில் நம் வீட்டுக் கூடம் மாதிரி ஆகிவிடும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. இதைப் பார்க்காமல் மட்டும் ஊர் திரும்பாதீர்கள்.

கோயம்புத்தூரிலிருந்து: கைடு அவசியமா? எப்படி நம்புறது?

சாமி கும்பிட மட்டும் வந்தால் வேண்டாம். சிற்பமும் கதையும் தெரிந்துகொள்ள ஆசையென்றால் வையுங்கள். ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண்கள் இருக்கின்றன. எந்தத் தூணின் முன்னால் நிற்க வேண்டும் என்று சொல்ல ஓர் ஆள் இருந்தால் நல்லது. முக்குறுணி விநாயகர், வண்டியூர் தெப்பக்குளத்துக்கு மண் தோண்டியபோது கிடைத்தவர் என்ற கதையை அவர் முன்னாலேயே நின்று கேட்பது தனி அனுபவம்.

சுற்றுலாத் துறை கொடுத்த அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, எங்களுக்கும் கோபம் வராது. எத்தனை மணி நேரம், எவ்வளவு ரூபாய் என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். கூடவே, “கடை எதற்கும் கூட்டிப்போக வேண்டாம்” என்றும் சொல்லிவிடுங்கள். கமிஷனுக்காகக் கடை கடையாக ஏற்றி இறக்குகிற ஆட்கள் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். அது உங்கள் நேரத்தைத் திருடுகிற வேலை.

சேலத்திலிருந்து ஒரு அம்மா: சுங்குடி சேலை அசல்தானான்னு எப்படிப் பார்க்கிறது?

கண்ணால் மட்டும் பார்க்காதீர்கள் அம்மா, விரலால் தடவுங்கள். நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கி எடுத்த துணியில், முடிச்சு அவிழ்ந்த இடம் லேசாகச் சுருங்கி மேடு மாதிரி தட்டுப்படும். ஒரு புள்ளி மாதிரி இன்னொரு புள்ளி இருக்காது. அச்சில் அடித்தது வழவழவென்று, எல்லாப் புள்ளியும் ஒரே அளவில் இருக்கும். அச்சுச் சேலை கட்டுவதில் தவறில்லை, ஆனால் கைமுடிச்சு விலையைக் கொடுத்து அதை வாங்க வேண்டாம்.

பெங்களூரிலிருந்து: கோயிலுக்குள்ள போட்டோ எடுக்கலாமா?

முடியாது. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீ விபத்து நடந்ததற்குப் பிறகு செல்போனுக்கே அனுமதி இல்லை. வாசலில் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொள்ளுங்கள். குடும்பத்தோடு வந்தால், பிரிந்துவிட்டால் எங்கே சேர்வது என்று உள்ளே போகும் முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். பொற்றாமரைக் குளத்துப் படி நல்ல இடம்.

திருநெல்வேலியிலிருந்து: அப்பாவுக்கு 74 வயசு, முட்டி வலி. சமாளிப்பாரா?

கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதிகளில் வண்டி விடமாட்டார்கள், ஆட்டோ கொஞ்சம் தள்ளியே நின்றுவிடும். அதனால் கோயிலுக்குப் பக்கத்திலேயே தங்குங்கள். வெயில் ஏறிவிட்டால் கோயில் மதிலுக்குள் இருக்கும் ஆடி வீதிக் கல் காலைச் சுடும், காலையிலேயே கூட்டிவந்துவிடுங்கள். மதியம் அவரைத் தூங்கவிடுங்கள். சித்திரைத் திருவிழா சமயத்தில் மட்டும் வேண்டாம், அந்தக் கூட்டம் அவருக்குத் தாங்காது.

தஞ்சாவூரிலிருந்து: ரெண்டாவது நாள் கோயில் தவிர வேற ஏதாவது?

விடியற்காலையில் கீழக்குயில்குடி சமணர் மலை ஏறுங்கள். ஆயிரம் வருடத்துக்கு மேலான தீர்த்தங்கரர் சிற்பங்கள், கீழே வட்டெழுத்து என்கிற பழைய தமிழ் எழுத்து, மலையடியில் அய்யனார் கோயிலும் தாமரைக் குளமும். ஏழு மணிக்கு மேல் பாறை சூடாகத் தொடங்கும். பிறகு அகழாய்வு நடந்த கீழடி, ஊரிலிருந்து 12 கிலோமீட்டர். 2023-இல் திறந்த அருங்காட்சியகத்தில், பெயர் கீறிய பானை ஓடுகளின் முன்னால் அவசரப்படாமல் நில்லுங்கள். யாரோ ஒருவர் தன் பானை மாறிவிடக் கூடாது என்று தன் பெயரைத் தமிழில் கீறி வைத்திருக்கிறார். சின்னப் பிள்ளைகளுக்கு அதைக் காட்டிச் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

திரும்பி வந்ததும் விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜிகர்தண்டா. பாதாம் பிசின் சரியாக ஊறியிருந்தால் நாக்கில் வழுக்கிக்கொண்டு போகும்.

திருச்சியிலிருந்து: ஊருக்கு மல்லி வாங்கிட்டுப் போனா வாடிடுமே?

மொட்டாக வாங்குங்கள், விரிந்த பூ வேண்டாம். ரயிலுக்குக் கிளம்பும் முன் கடைசி வேலையாக வாங்கி, வாழை இலையில் சுற்றித் தரச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினால் வேர்த்துப் பழுத்துவிடும். இலையில் இருந்தால் ராத்திரி அதுபாட்டுக்கு விரிந்துகொள்ளும், காலையில் வீட்டில் தலையில் வைக்கலாம்.