இரண்டு நான்சி ட்ரூக்கள் – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இளையோருக்கான துப்பறியும் நாவல்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, 13 வயதாகும் என் மகளுக்கு நான்சி ட்ரூ என்ற இளம் துப்பறியும் பெண்ணைப் பற்றிய அமெரிக்கக் கதை வரிசையின் முதல் நூலான ‘தி சீக்ரெட் ஆஃப் தி ஓல்ட் க்ளாக்’ நாவலை வாங்கிக் கொடுத்தேன். அவளுக்குப் பிடிக்கவில்லை. கெட்டவர்கள் யார் என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது, நான்சி தவறே செய்வதில்லை, எல்லாம் தற்செயலாகவே கூடிவருகிறது என்கிறாள். நானோ என் பெரியப்பாவின் அலமாரியில் கிடந்த பழைய பிரதியை அவள் வயதில் ஒரே மூச்சில் படித்தவள். என் நினைவில் நான்சிக்கு 16 வயது; மகளின் புத்தகத்தில் 18. என் நினைவுதான் பிழையா?

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் நினைவில் பிழையில்லை. நீங்களும் மகளும் ஒரே தலைப்பைத் தாங்கிய இரண்டு வெவ்வேறு நூல்களைப் படித்திருக்கிறீர்கள். இந்த நாவலைப் பற்றி வாசகர்கள் மாறுபட்டுப் பேசும்போதெல்லாம், எந்தப் பதிப்பைப் படித்தீர்கள் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

1930 ஏப்ரலில் வெளிவந்த முதல் பதிப்பில் 25 அத்தியாயங்கள் உண்டு. இந்த வரிசையைத் தொடங்கிய எட்வர்ட் ஸ்ட்ராட்டமையர் கதைச் சுருக்கத்தை வகுத்துக் கொடுக்க, அயோவாவில் பிறந்த மில்ட்ரெட் வர்ட் என்ற இளம் எழுத்தாளர் 125 டாலர் பெற்றுக்கொண்டு, உரிமை முழுவதையும் விட்டுக்கொடுத்து, கரோலின் கீன் என்ற புனைபெயருக்குப் பின்னால் இருந்து அதை எழுதினார். 1959இல் ஸ்ட்ராட்டமையரின் மகள் ஹாரியட் ஆடம்ஸ் அதை 20 அத்தியாயங்களாகச் சுருக்கித் திருத்தியபோது, கதாநாயகிக்கு இரண்டு வயது கூடியதோடு அவளுடைய துடுக்கும் குறைந்தது. பழைய நான்சி சட்டென்று கோபப்படுவாள், நினைத்ததை முகத்துக்கு நேராகச் சொல்வாள். புதியவள் நயமாகப் பேசுகிறாள், பெரியவர்களிடம் பணிந்து நடக்கிறாள். ‘தவறே செய்யாதவள்’ என்று உங்கள் மகள் சலித்துக்கொள்வது இந்த இரண்டாமவளைப் பார்த்துத்தான், அந்தச் சலிப்பு நியாயமானது என்றே நினைக்கிறேன்.

கெட்டவர்கள் யார் என்பது முன்பே தெரிந்துவிடுகிறது என்பதை மட்டும் நான் குறையாக எண்ணவில்லை. இந்தக் கதையில் ‘யார்’ என்பது கேள்வியே அன்று. ஜோசையா க்ரௌலி என்ற முதியவர் இறந்துபோகிறார். அவருடைய சொத்து, செருக்கு மிகுந்த டோப்பம் குடும்பத்துக்குப் போகவிருக்கிறது. அவர் பின்னர் எழுதிய உயில் ஒன்று எங்கோ இருக்கிறது. எங்கே என்பதுதான் கேள்வி. தேடும் கதைக்கும் கொலைகாரனைக் கண்டுபிடிக்கும் கதைக்கும் சுவை வேறு.

தற்செயலைப் பற்றி அவள் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். முதல் பதிப்பில் நான்சி புயலுக்கு ஒதுங்கும் பண்ணை வீட்டிலேயே அந்தச் சொத்தில் பங்கு பெறவேண்டிய ஏழைச் சகோதரிகள் இருப்பது கதாசிரியரின் வசதிக்காக அமைந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அபிகேல் ரோவன் என்ற மூதாட்டி வரும் இடம் அப்படிப்பட்டதன்று. விழுந்து அடிபட்டுத் தனியே கிடக்கும் அவருக்கு நான்சி உணவு கொடுத்து, பணிவிடை செய்து, மங்கிப்போன நினைவு திரும்பட்டும் என்று காத்திருக்கிறாள். அப்போது அறையிலுள்ள கடிகாரம் மணியடிக்க, அந்த ஓசையைக் கேட்டு உயிலைப் பற்றிய குறிப்பு ஒரு பழைய கடிகாரத்தில் இருப்பதாகக் க்ரௌலி சொன்னது மூதாட்டிக்கு நினைவுக்கு வருகிறது. மணி தானாக அடித்ததுதான், ஆனால் அது அடிக்கும்போது அங்கே இருப்பதற்கான உழைப்பு நான்சியுடையது.

நாவலின் உயிர் எனக்கு டோப்பம் குடும்பத்தின் ஏரிக்கரை வீட்டில்தான் இருக்கிறது. அந்தக் கடிகாரத்தைத் தேடிப் போன நான்சியை, அங்கே திருட வந்தவர்கள் துணி வைக்கும் சிற்றறையில் தள்ளிப் பூட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். முதலில் அவள் கதவை இடித்துக் கை ஓய்கிறாள். பிறகு இருட்டில் தடவி, தலைக்கு மேலே துணி மாட்டும் கழியைக் கண்டு, அதைப் பிடுங்கி நெம்புகோலாக்குகிறாள். உலகையே நெம்பிவிடுவேன் என்ற ஆர்க்கிமிடீஸ் இந்தக் கதவை நெம்பிக் காட்டட்டும் என்று அந்த நிலையிலும் அவளுக்குத் தோன்றுகிறது. 16 வயதுப் பெண் ஒருத்தி அச்சத்தை அடக்கி, கைக்கு எட்டிய பொருளைக் கொண்டு யோசிக்கும் அந்தச் சில பக்கங்களுக்காகவே இந்த நூலை நான் மதிக்கிறேன்.

அந்த அத்தியாயத்தை ஒட்டியே நூலின் பெருங்குறையும் வருகிறது. கதவைத் திறந்துவிடும் காவலாளி, முதல் பதிப்பில் ஒரு கறுப்பினத்தவர். அவரைக் குடிகாரராகவும் கொச்சை மொழி பேசும் கேலிச் சித்திரமாகவும் ஆக்கியிருக்கிறார்கள். படிக்கும்போது மனம் கூசுகிறது. 1959இல் அந்த இழிவு நீக்கப்பட்டது சரியே. ஆனால் அவரை மதிப்புள்ள மனிதராக மாற்றி எழுதாமல், அந்த இடத்தில் ஒரு வெள்ளையரை வைத்துவிட்டார்கள். இழிவோடு சேர்த்து மனிதரையும் அகற்றிய அந்தத் திருத்தத்தை என்னால் முழுமனதோடு பாராட்ட முடியவில்லை.

எதைக் கொடுக்கலாம் என்று கேட்டால், 13 வயதுப் பெண்ணுக்கு 1930ஆம் ஆண்டின் நூலையே கொடுப்பேன். ஏரிக்கரை அத்தியாயங்களின்போது அம்மா பக்கத்தில் இருக்கவேண்டும் என்பதையும் சொல்வேன். அந்தக் காவலாளியை ஏன் அப்படி எழுதினார்கள் என்று அவள் கேட்பாள், கேட்கட்டும். அந்தப் பழைய வடிவம் 1991இல் நகல் பதிப்பாக மீண்டும் வந்தது. வாங்குமுன் பொருளடக்கத்தைப் பாருங்கள்: 25 அத்தியாயங்கள் இருந்தால், அது நீங்கள் பெரியப்பா வீட்டில் படித்த நான்சி.