'பிராயில்' என்றால் எந்தப் பக்கத்து அனல்?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மகள் அனுப்பிய மீன் சமையல் குறிப்பில் "8 நிமிடம் பிராயில் செய்யவும்" என்று இருக்கிறது. வேகவைக்கச் சொல்லும் 'பாயில்'தான் எழுத்துப்பிழையாகிவிட்டதா? எங்கள் ஓடிஜியில் (மேசைமேல் வைக்கும் சிறிய மின் அடுப்பு) கிரில் என்றுதான் போட்டிருக்கிறது. பிராய்லர் கோழிக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: பிழை இல்லை, மீனைத் தண்ணீரில் போட்டுவிடாதீர்கள். உங்கள் ஓடிஜியில் கிரில் என்று இருப்பதுதான் அமெரிக்கர்களின் பிராயில். மேல்கம்பி மட்டும் சிவக்கச் சூடாகி, அந்த அனல் நேராக மீன்மேல் இறங்க வேண்டும்.

குழப்பமெல்லாம் கிரில் என்ற சொல்லால் வருவது. பிரிட்டனில் கிரில் என்றால் அடுப்புக்குள் மேலிருந்து வரும் அனல். அமெரிக்காவில் அதே சொல், கரி மூட்டிக் கம்பிவலைமேல் வைத்துச் சுடுவதைக் குறிக்கும். அங்கே அனல் கீழிருந்து வருகிறது. ஆகவே குறிப்பை எழுதியவர் எந்த ஊர்க்காரர் என்று முதலில் பாருங்கள். சூடு ஃபாரன்ஹீட்டிலும் மாவு கப் கணக்கிலும் இருந்தால் பெரும்பாலும் அமெரிக்கர்தான்.

பிராயில் அமெரிக்காவில் பிறந்த சொல் அல்ல. 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதிய 'கேன்டர்பரி கதைகள்' நூலில் ஒரு சமையற்காரர் வருகிறார். அவருக்குக் கைவந்த வேலைகளில் ரோஸ்ட், ஃப்ரை இவற்றோடு பிராயிலும் உண்டு. 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில், உயிர்த்தெழுந்த இயேசுவுக்குச் சீடர்கள் கொடுப்பதும் பிராயில் செய்த மீன்துண்டுதான். இங்கிலாந்தில் பின்னாளில் கிரில் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. அமெரிக்கர்கள் பழைய சொல்லை விடவில்லை. அதன் வேர் 'எரித்தல்' என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல். மேலே சர்க்கரையைக் கருக்கித் தரும் கிரெம் ப்ரூலே என்ற பிரெஞ்சு இனிப்பில் உள்ள ப்ரூலேயும் அதே குடும்பம். கிரில், சிறிய பின்னல் தட்டியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பாயிலுக்கு வேர், நீர்க்குமிழியைக் குறிக்கும் லத்தீன் சொல். ஒலியில்தான் ஒற்றுமை, உறவே கிடையாது.

சரி, கோழிக்கு வருவோம். சம்பந்தம் நிச்சயம் உண்டு. நேரடி அனலில் சட்டென்று வெந்துவிடும் அளவுக்கு இளசான கோழியைத்தான் அமெரிக்கர்கள் பிராய்லர் என்றார்கள். 1923இல் டெலவேர் மாநிலத்தில் செசில் ஸ்டீல் என்ற பெண்மணி முட்டைக்காக 50 குஞ்சுகள் கேட்டிருந்தார். தவறுதலாக 500 வந்து இறங்கின. அவர் திருப்பி அனுப்பாமல் வளர்த்து, இறைச்சிக்கு விற்று லாபம் பார்த்தார். பிராய்லர் தொழிலின் தொடக்கமாக இதைத்தான் சொல்வார்கள். பல்லடம் பண்ணைகள்வரை வந்துவிட்ட அந்தப் பெயருக்குள் ஒரு சமையல் முறை இருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். குழம்புக்குக் கொதிக்கவைக்கும்போது பிராய்லர் சீக்கிரம் பிய்ந்துபோவதும் இந்த இளசுத்தன்மையால்தான்.

இனி உங்கள் மீன். மேல்கம்பியை மட்டும் போட்டு, சூட்டை உச்சத்தில் (230 அல்லது 250 டிகிரி செல்சியஸ்) வைத்து, மீனை வைப்பதற்கு முன் ஓடிஜியை 10 நிமிடம் காயவிடுங்கள். மசாலா தடவுவதற்கு முன் துண்டுகளின் ஈரத்தைத் துணியால் நன்றாக ஒற்றியெடுங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். மேலே ஈரம் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. மீன் வெந்துவிடும், சிவக்காது. மேல்கம்பிக்கும் மீனுக்கும் 3, 4 அங்குல இடைவெளி போதும். அமெரிக்க அடுப்புகள் பலவற்றில் பிராயில் சூடு 260 டிகிரிக்கு மேல் போகும் என்பதால் நம் ஓடிஜியில் இன்னும் சில நிமிடம் பிடிக்கலாம். கடிகாரத்தை நம்பாமல் மீனைப் பாருங்கள். நடுப்பகுதி கண்ணாடி போலில்லாமல் வெளுத்து, முள்கரண்டியால் தொட்டால் இதழ் இதழாகப் பிரிந்தால் எடுத்துவிடலாம்.

அப்புறம், மேல்கம்பிக்கு நேர்கீழே கண்ணாடிப் பாத்திரமோ பேக்கிங் காகிதமோ வேண்டாம். கண்ணாடி வெடிக்கலாம், காகிதம் தீப்பிடிக்கலாம். உலோகத் தட்டும் எண்ணெய் தடவிய கம்பிவலையும் போதும்.

எலும்போடு இருக்கும் கோழிக்கால் போன்ற தடித்த துண்டுகளுக்கு இந்த முறை மட்டும் ஒத்துவராது. மேலே கருகி, எலும்போரம் பச்சையாக நிற்கும். இரண்டு கம்பியும் போட்டு 200 டிகிரியில் உள்ளே வேகவிட்டு, கடைசி 3, 4 நிமிடம் மட்டும் மேல்கம்பிக்கு மாற்றுங்கள்.