மோதல் தரவு, அரசியல் வன்முறை இடர் ஆய்வு: இந்த வேலைக்குப் போகலாமா?

“நிரல் எழுதத் தெரியும், உலகச் செய்திகளில் ஆர்வம் உண்டு, எங்கே கலவரம் வெடிக்கும் என்று கணிக்கும் வேலைக்குப் போகலாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். ஐடி வேலை அலுத்துப்போய், கொஞ்சம் அர்த்தமுள்ளதாக ஏதாவது செய்யலாமே என்ற கட்டத்தில் இருக்கிறீர்கள் போலும். வாருங்கள். ஆனால் கணிப்பு இந்தத் தொழிலின் மேல்மாடி. நான் கீழ்த்தளத்து ஆள்.

இங்கே நடப்பது இதுதான்: செய்திகள், ராணுவ அறிக்கைகள், மனித உரிமை அமைப்புகளின் பதிவுகள் எல்லாவற்றையும் படித்து, யார் யாரைத் தாக்கினார்கள், எங்கே, என்றைக்கு, எத்தனை பேர் இறந்தார்கள் என்று ஒவ்வொரு சம்பவத்தையும் ஒரு வரியாக ஏற்றுவது. உலகெங்கும் நடக்கும் வன்முறையையும் போராட்டங்களையும் தொகுக்கும் ஆக்லெட் (ACLED) அமைப்பின் தரவில் ஒருவரும் சாகாத ஆர்ப்பாட்டம்கூட இடம்பெறும். சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத் தரவு அப்படியல்ல. ஓர் ஆண்டில் 25 பேராவது சண்டையில் இறந்தால்தான் அது நடப்பு மோதல். 1,000 தொட்டால் போர். நாங்கள் பின்பற்றியது உப்சாலா வரையறையை. அந்த 25தான் என் தூக்கத்தைக் கெடுத்தது.

ஒரு நாட்டில் (பெயர் சொல்ல முடியாது, ஒப்பந்தம் அப்படி) மலைக்கிராமம் ஒன்றில் துப்பாக்கிச்சூடு. மோதலில் கிளர்ச்சியாளர்கள் கொல்லப்பட்டதாக ராணுவ அறிக்கை. அப்படியே ஏற்றியிருந்தோம். பிறகு வந்த உள்ளூர்ச் செய்தியில் இறந்தவர்களின் பெயரும் வயதும் இருந்தன. பள்ளிப் பிள்ளைகள், ஒரு கிழவி. தன் ஆட்கள் செத்தால் உடனே அஞ்சலி வெளியிடும் கிளர்ச்சிக் குழு, இந்த முறை வாயே திறக்கவில்லை.

அந்த ஆண்டுக் கணக்கு 25ஐ மயிரிழையில்தான் தாண்டியிருந்தது. இவர்களைப் பொதுமக்கள் என்று திருத்தினால், அந்த இறப்புகள் ‘ஒருதலைப்பட்ச வன்முறை’ என்ற வேறு வகைக்குப் போகும். அங்கேயும் எல்லை 25தான், அதைத் தொடாது. இங்கேயும் கணக்கு 25க்குக் கீழே இறங்கிவிடும். அதாவது, உண்மையைப் பதிந்தால் அந்த நாட்டில் அந்த ஆண்டு ஒன்றுமே நடக்கவில்லை என்று அட்டவணை சொல்லும்!

“விட்டுவிடுங்கள், வரைபடத்தில் ஓட்டை விழும்” என்றார் மேலாளர். நான் விடவில்லை. வாரக்கணக்கில் சண்டை போட்டுத் திருத்த வைத்தேன், சம்பவத்தின் முழுக் கதையையும் குறிப்புப் பத்தியில் எழுதினேன். அடுத்து வாடிக்கையாளரிடமிருந்து மின்னஞ்சல்: “நிலைமை சீராகிவிட்டதா?” குறிப்பை யார் திறந்து பார்க்கிறார்கள்? இருந்தாலும் நான் செய்தது சரி.

‘எண்ணைப் பிடித்துத் தொங்குகிறான், செத்தவர்களைப் பற்றிக் கவலையில்லை’ என்று கருத்துப் பகுதிக்கு வரப்போகிறவர்களே, அந்தக் கிழவியைக் கிளர்ச்சியாளர் கணக்கில் விட்டுவைத்திருந்தால் உங்களுக்குச் சம்மதமா?

கணிப்பு மாதிரிகளை மட்டம் தட்டுவதாகவும் நினைக்க வேண்டாம். உப்சாலாவும் ஆஸ்லோ அமைதி ஆய்வு நிறுவனமும் நடத்தும் ‘வியூஸ்’ (ViEWS) என்ற மோதல் கணிப்புத் திட்டம் மாதவாரியாக 36 மாதங்கள் வரை கணிக்கிறது. மதிக்க வேண்டிய உழைப்பு. ஆனால் சண்டை நடக்கிற இடத்தில் அடுத்த மாதமும் நடக்கும் என்று சொல்ல மாதிரி எதற்கு? வெகுகாலம் அமைதியாக இருந்த இடத்தில் முதல் குண்டு எப்போது என்பதில்தான் எல்லோரும் திணறுகிறார்கள்.

சம்பளம் பற்றிக் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். பெரும்பாலும் ஆண்டு ஒப்பந்தம், நிதி நின்றால் வேலையும் நின்றது. நான் முன்பு இருந்த ஓர் அமைப்பு அமைதியைப் பற்றி மாநாடு மாநாடாகப் பேசும். பாக்கிப் பணத்தைக் கேட்டால் மட்டும் பேரமைதி. கடைசித் தவணை இன்னும் வரவில்லை.

விண்ணப்பித்தால், ஒன்றுக்கொன்று முரணான இரண்டு மூன்று செய்திகளைக் கொடுத்துப் பதியச் சொல்வார்கள். நிரல் திறமையை அங்கே காட்ட வேண்டாம். எது ஒரே சம்பவம், எது வேறு, எந்தத் தகவலை ஏன் நம்பவில்லை என்பதைக் குறிப்பில் எழுதுங்கள். நான் தேர்வு வைக்கும்போது முதலில் படிப்பது அதைத்தான்.