கன்வெர்டிபிள் கார்ல மழைத்தண்ணி உள்ள வருது, கூரையையே மாத்தித்தான் ஆகணுமா?

இருபது வருஷப் பழைய மஸ்டா எம்எக்ஸ்-5 (துணிக்கூரைய மடிச்சு எறக்கற கன்வெர்டிபிள் கார்), மழை பெஞ்ச மறுநாள் சீட்டுக்குப் பின்னாடி கார்பெட் தொப்பலா நனைஞ்சு கெடக்கு, கடைல கூரையை மாத்தச் சொல்றாங்க, வேற வழி உண்டான்னு கேட்டிருக்கீங்க. லண்டன்ல நான் ஓட்றதும் அதே வண்டிதான், 1998லேர்ந்து 2005 வரைக்கும் வந்த ரெண்டாவது மாடல், கராஜ் கிடையாது, வருஷம் முழுக்க தெருவுல மரத்தடியிலதான் நிக்குது. தயவுசெஞ்சு கூரைக்குக் காசு கட்டறதுக்கு முன்னாடி ட்ரெயின் ஹோலை, அதாவது மழைத்தண்ணி வடியற ஓட்டையப் பாருங்க. பின்னாடி நனையுதுன்னா முதல் சந்தேகம் அங்கதான் போகணும், துணி மேல இல்ல.

ஏன்னா இந்தத் துணிய சாதாரணமா நெனைக்காதீங்க. வினைல் கூரைன்னா அதுவே தண்ணிய விடாது. மொஹேர்னு சொல்ற துணிக்கூரைன்னா மூணு அடுக்கு இருக்கும், மேல அக்ரிலிக், நடுவுல ரப்பர், அடியில மெல்லிசா இன்னொரு துணி. மேல் துணி ஊறிப்போய் கனமா தெரிஞ்சாலும் நடுவுல இருக்கற ரப்பர் தண்ணிய நிறுத்திடும். மடியற எடத்துல தேஞ்சு ஓட்டை விழுந்திருந்தாலோ தையல் விட்டிருந்தாலோதான் துணி வழியா வரும், அது கண்ணுக்கே தெரியும், உள்ள உக்காந்து வெளிச்சத்துக்கு எதிரா பாத்தா போதும்.

கூரையில விழற மழை பின் கண்ணாடிய ஒட்டிக் கீழ எறங்கி, துணிக்கு அடியில இருக்கற ஒரு பிளாஸ்டிக் வாய்க்கால்ல விழும். ரெயின் ரெயில்னு சொல்லுவாங்க. அதுலேர்ந்து ரெண்டு பக்கமும் ஒரு ஓட்டை, ஓட்டைலேர்ந்து ஒரு டியூப், அது பின் சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி வண்டிக்கு அடியில தொறக்கும். ஊர்ல மொட்டை மாடி வடிகால் வேப்பிலை அடைச்சு மாடியே குளமாகுமே, அப்படியேதான் இங்கயும், டியூப் அடைச்சா வாய்க்கால் நெறைஞ்சு வழிஞ்சு நேரா சீட்டுக்குப் பின்னாடி எறங்கிடும். என் தெருவுல பிளேன்னு ஒரு வகை மரம், அக்டோபர் நவம்பர்ல இலை கொட்டற கொட்டுக்கு இது வருஷா வருஷம் நடக்கற விஷயம்.

பாக்கறது எப்படின்னா, கூரைய எறக்குங்க (முதல் மாடல்ல பிளாஸ்டிக் ஜன்னல் இருந்தா ஜிப்பைக் கழட்டி அதைப் படுக்க வெச்சுட்டு எறக்குங்க, குளிர்ல மடிச்சா விரிசல் விட்டுடும்). சீட் பெல்ட் மேல வர்ற அந்தத் தூண் இருக்குல்ல, அதுக்குப் பின்னாடி மூலையில டார்ச் அடிச்சா ஓட்டை தெரியும். பாட்டில்ல தண்ணி எடுத்து மெதுவா ஊத்துங்க, இன்னொருத்தர வண்டிக்கு அடியில பாக்கச் சொல்லுங்க. ஊத்தற வேகத்துக்குக் கீழ கொட்டுச்சுன்னா அந்தப் பக்கம் சரியா இருக்கு. சொட்டு சொட்டா வந்தாலோ வராமயே போனாலோ அடைப்புதான். கம்பிய விட்டுக் குத்தாதீங்க, அது ரொம்ப முக்கியம், டியூப் பழசு, கிழிஞ்சா தண்ணி பாடிக்குள்ளயே எறங்கும், அப்பறம் எங்க போகுதுன்னே கண்டுபிடிக்க முடியாது. புல்லு வெட்ற ஸ்ட்ரிம்மர்ல வர்ற நைலான் கயிறு இருக்கே, அது சரியான கனம், வளையும், கிழிக்காது. நுனிய லைட்டர்ல லேசா உருக்கி மழுங்கலாக்கிட்டு மேலேர்ந்து விட்டு மெல்ல மெல்ல திருகிக்கிட்டே தள்ளுங்க. கருப்பா சேறு மாதிரி மக்கின இலை, பாசி, ஒரு நாத்தத்தோட வெளிய வரும், அதுக்கப்பறம் தண்ணி திடுதிடுன்னு எறங்கும் பாருங்க, அவ்ளோ நிம்மதியா இருக்கும்.

இத விட்டுட்டா என்ன ஆகும்னா, தண்ணி சில்லுக்குள்ள தேங்கும், கதவுக்குக் கீழ நீளமா போற பெட்டி மாதிரி பாகம். வளைவுல திரும்பும்போது சளக் சளக்னு சத்தம் கேட்டா அதுதான். அங்க உள்ளேர்ந்து துரு புடிக்கும், வெளிய பெயிண்ட் குமிழ் விடறதுக்குள்ள உள்ள போயிருக்கும். பிரிட்டன்ல எம்ஓடின்னு வருஷா வருஷம் வண்டி ஓட்டத் தகுதியான்னு பாக்கற டெஸ்ட்ல வண்டி விழறதுக்கு இந்தப் பின் சில் துருவும் ஒரு காரணம், வெல்டிங் செலவு கூரை செலவ விட ஏறிடும். பிஎம்டபிள்யூ இசட்4 முதல் தலைமுறை வெச்சிருக்கறவங்களுக்கும் சொல்றேன், அதுல கூரைய தூக்கற மோட்டாரே இந்தத் தண்ணி எறங்கற குழியிலதான் உக்காந்திருக்கு, ட்ரெயின் அடைச்சா மோட்டார் முங்கிடும்.

முன்னாடி, கண்ணாடி ஓரமா, தோள் மேல சொட்டுதுன்னா அது வேற கதை, பீடிங் ரப்பர், கதவுக் கண்ணாடி வந்து அழுந்தற ஓரத்து ரப்பர். ஒரு பேப்பர் துண்ட கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவுல வெச்சு கதவ மூடி இழுங்க, இறுக்கமா வந்தா சரி, வழுக்கிக்கிட்டு வந்தா அந்த எடத்துல ரப்பர் அழுத்தல. ரப்பர் செத்துப்போகாம இருந்தா நல்லா தொடச்சு ரப்பருக்குன்னு வர்ற கிரீம் இல்லன்னா சிலிகான் கிரீஸ் தடவுங்க, வாசலின் வேண்டாம், பெட்ரோலிய எண்ணெய் சில ரப்பர ஊத வெச்சு கெடுத்துடும். கூரைய முன் கண்ணாடிச் சட்டத்தோட பூட்டற ரெண்டு லாட்சையும் (கொக்கி) கொஞ்சம் இறுக்கிக்க முடியும், ரெண்டு பக்கமும் ஒரே அளவு இறுக்குங்க. பாத்ரூம் சிலிகான அப்பறவங்கள பாத்திருக்கேன், வயிறு எரியுது, வினிகர் வாசம் வர்ற வகைலேர்ந்து வர்ற ஆசிட் இரும்ப அரிக்கும், ஒழுகற எடமும் மறைஞ்சுபோகும்.

எங்கேர்ந்து வருதுன்னு புரியலன்னா ஹோஸ் புடிச்சுப் பாக்கலாம், ஆனா கீழேர்ந்து ஆரம்பிச்சு மேல போங்க, ஒவ்வொரு எடத்துலயும் கொஞ்ச நேரம் நிறுத்துங்க, உள்ள ஒருத்தர் டார்ச்சோட இருக்கட்டும். எடுத்த உடனே மேல ஊத்துனா எல்லா எடமும் நனைஞ்சு ஒண்ணும் வெளங்காது. பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம்.

அடைப்பு எடுத்த கையோட கார்பெட்டையும் தூக்கிருங்க. மேல தொட்டா காஞ்ச மாதிரிதான் இருக்கும், அடியில இருக்கற ஃபோம் மாசக்கணக்குல தண்ணிய புடிச்சு வெச்சிருக்கும். சீட்டுக்கு நாலு போல்ட்தான், கழட்டி, கார்பெட்ட வீட்டுக்குள்ள கொண்டுபோய் காய வைங்க, அடியில தகரத்தையும் அப்படியே பாத்துக்கலாம்.

இவ்ளோவும் பாத்து துணிதான் போயிருக்குன்னு உறுதியாச்சுன்னா மாத்துங்க, ஆனா ரெயின் ரெயிலோட சேந்து வர்ற கூரையா கேட்டு வாங்குங்க. பழைய ரெயில்லயே புதுத் துணிய மாட்டித் தர்றேன்னு சொன்னா, அத வெளிய எடுத்து வெடிப்பு இருக்கான்னு உங்க கண்ணால பாக்காம ஒத்துக்காதீங்க, வெடிப்பு இருந்தா புதுக் கூரையும் அதே எடத்துல ஒழுகும்.