சாமியும் மச்சானும்

கேள்வி: கல்லூரியில் ஒன்றாகப் படித்த நாங்கள் 12 பேர் வருஷா வருஷம் டிசம்பரில் ஏற்காட்டில் கூடுகிறோம். "சபரிமலைக்குப் போறவங்க புண்ணியத்தோட வர்றாங்க, நீங்க தொப்பையோட வர்றீங்க" என்கிறாள் என் மனைவி. ரெண்டும் ஒன்றுதான் என்று வாதாடிப் பார்த்தேன், எடுபடவில்லை. நீங்களாவது சொல்லக்கூடாதா?
(வாசகர், நாமக்கல்)

பதில்: உங்கள் வீட்டுச் சண்டையில் என்னை இழுக்கிறீர்கள். சரி, ரெண்டுக்கும் போய் வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

அங்கே கார்த்திகை முதல் தேதி மாலை போட்டு 41 நாள் விரதம் இருந்துவிட்டு மலை ஏறுகிறார்கள். நாம் மலை ஏறிவிட்டு வந்து விரதம் இருக்கிறோம், அதுவும் டாக்டர் சொல்லி. இருமுடியில் முன்முடி சாமிக்கு, பின்முடி நம் வழிச் சாப்பாட்டுக்கு. நம் பையும் இப்போது இருமுடிதான், முன்பக்கம் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள், பின்பக்கம் அந்த மாத்திரைகளுக்கு வேலை கொடுக்கிற முறுக்கும் மிக்சரும். பதினெட்டுப் படி என்று சொன்னால் நீங்கள் கவலைப்படவே வேண்டாம், ஏற்காடு மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 20, ரெண்டு கூடுதலாகவே வைத்திருக்கிறீர்கள்.

குருசாமியும் உண்டு. 18 வருஷம் மலைக்குப் போனவரைத்தான் அங்கே குருசாமி என்பார்கள், தென்னங்கன்று கொண்டுபோய் வைப்பார். நம் செட்டில் வாட்ஸப் குரூப்புக்கு அட்மினாக மாட்டிக்கொண்ட அப்பாவிதான் குருசாமி. ரூம் போடுவது, வண்டி பேசுவது, ஜிபேயில் பணம் கேட்டுக் கேட்டு வாய் வலிப்பது எல்லாம் அவர் கணக்கு. அங்கே மாலை போட்டவர், நெருங்கின சொந்தத்தில் சாவு விழுந்தால் ஒழிய, கழற்றுவதில்லை. இங்கே கிளம்புகிற அன்று காலையில் ஒருத்தன் "மாமியாருக்கு உடம்பு சரியில்லைடா" என்பான். எங்கள் செட்டில் ஒரு மாமியாருக்கு எட்டு வருஷமாக டிசம்பர் இரண்டாவது சனிக்கிழமை மட்டும்தான் உடம்புக்கு முடியாமல் போகிறது, பாவம்.

பதினெட்டாம் படி ஏறியதும் சந்நிதிக்கு மேலே 'தத்வமஸி' என்று எழுதியிருக்கும், அது நீயே என்று அர்த்தம். நம் ஆட்களும் ராத்திரி 11 மணிக்கு மேல் தோளில் கையைப் போட்டுக்கொண்டு "மச்சான், எனக்கு எல்லாமே நீதான்டா" என்று அதையேதான் சொல்கிறார்கள். என்ன, காலையில் ஞாபகம் இருக்காது.

ஆனால் ஒரு இடத்தில் உங்கள் மனைவி பக்கம்தான் நான். மாலை போட்டுவிட்டால் கலெக்டரும் சாமி, அவர் கார் டிரைவரும் சாமி, வேறு பேரே கிடையாது. நாமும் ஹாஸ்டலில் அப்படித்தான் இருந்தோம், எல்லாரும் மச்சான். இப்போது வந்து உட்கார்ந்த பத்தாவது நிமிஷம் யார் என்ன கார், யார் பையன் எந்த நாட்டில், யாருக்கு எத்தனை பிளாட் என்று ஆரம்பிக்கிறது, மளிகைக் கடை வைத்திருக்கிறவன் போன் வந்த மாதிரி எழுந்து வெளியே போய் நிற்கிறான். அடுத்த தடவை வண்டி ஏறும்போதே ஒரு மாலையைப் போட்டுவிடுங்கள், இறங்கும்வரை மச்சானைத் தவிர வேறு பேச்சு கூடாது என்று. அதற்கப்புறம் ரெண்டும் ஒன்றுதான் என்று நானே உங்கள் வீட்டுக்கு வந்து சாட்சி சொல்கிறேன்.

கேள்வி: பள்ளித் தோழிகள் நாங்கள் சேர்ந்து செவ்வாடை கட்டி, இருமுடி எடுத்து மேல்மருவத்தூர் போய் வருகிறோம். கோயிலும் ஆச்சு, அரட்டையும் ஆச்சு. ஆண்களுக்கு ஏன் இது தோன்றவில்லை?
(வாசகி, விருதுநகர்)

பதில்: தோன்றாமல் இல்லை அம்மா. மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றியதும் வண்டி நேராக வீட்டுக்கு வராமல் குற்றாலம் பக்கம் திரும்புகிறதே, அது எதற்கு என்று நினைக்கிறீர்கள்?

கேள்வி: எங்கள் செட்டில் புதிதாக ஒருவரைச் சேர்க்கலாமா? பழையவர்கள் முறைக்கிறார்கள்.
(வாசகர், கோவை)

பதில்: தாராளமாகச் சேருங்கள். முதல் தடவை மலைக்கு வரும் கன்னிச்சாமி வழியில் சரங்குத்தி என்ற இடத்தில் ஒரு சரத்தை, அதாவது அம்பை, குத்திவிட்டுப் போவார். கன்னிச்சாமியே வராத வருஷம் உன்னைக் கட்டிக்கொள்கிறேன் என்று ஐயப்பன் மாளிகைப்புறத்தம்மனுக்கு வாக்குக் கொடுத்ததாக ஐதீகம். அம்மனும் வருஷா வருஷம் சரங்குத்தி வரைக்கும் ஊர்வலமாக வந்து, குத்தியிருக்கிற சரங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறாள். எங்கள் செட் கணக்குப்படி பார்த்தால் அந்தக் கல்யாணம் 1998-லேயே முடிந்து பேரன் பேத்தி எடுத்திருக்க வேண்டும், அப்புறம் புதிதாக ஒரு ஆள் சேரவில்லை. போன வருஷம்தான் ஒருத்தனுக்கு முதுகுவலி என்று அவன் பையன் கார் ஓட்டிக்கொண்டு வந்தான். ராத்திரி முழுக்க எங்கள் பழைய கதைகளைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்துவிட்டு, காலையில் "அங்கிள், அடுத்த வருஷம் எந்தத் தேதி?" என்றான்.