லேப்டாப்பை எப்பவும் சார்ஜர்லயே போட்டு வச்சா பேட்டரி போயிடுமா? ரொம்ப நாள் உழைக்க என்ன பண்ணணும்?

வீட்ல இருந்தே வேலை, லேப்டாப் நாள் பூரா சார்ஜர்லயே கிடக்கு, ரெண்டு வருஷத்துல பேட்டரி ஒரு மணி நேரம் கூட நிக்கல, 100 ஆனதும் கழட்டிடணுமான்னு கேட்டிருக்கீங்க. நான் மதுரையில லேப்டாப் சர்வீஸ் பண்றேன், இந்தக் கேள்வியோட வராத ஆளே கம்மி, அதனால கொஞ்சம் விலாவாரியாவே சொல்றேன்.

முதல்ல ஒண்ணு, சார்ஜர்ல போட்டே வச்சிருந்தா ஓவர்சார்ஜ் ஆகும்ங்கிறது உண்மை இல்ல. 100 வந்ததும் உள்ள இருக்கிற சர்க்யூட் சார்ஜ் ஏத்துறத நிறுத்திடும், அப்புறம் லேப்டாப் சார்ஜர் கரண்ட்லயேதான் ஓடும். பிரச்சனை எங்கன்னா, பேட்டரிக்குள்ள இருக்கிற லித்தியம் அயான் செல் முழுசா ஏறினா 4.2 வோல்ட் கிட்ட நிக்கும், அந்த உச்சத்துலயே மாசக்கணக்கா நிக்கிறதுதான் அதுக்கு ஆகாது, கூட சூடும் சேர்ந்துச்சுன்னா உள்ள இருக்கிற எலக்ட்ரோலைட் கொஞ்சம் கொஞ்சமா சிதைஞ்சு கெபாசிட்டி இறங்கிடும். 25 டிகிரியில பாதி சார்ஜ்ல சும்மா வச்ச செல் ஒரு வருஷத்துல 4, 5 சதவீதம் இழந்தாலே அதிகம், அதே செல்ல ஃபுல் சார்ஜோட 40 டிகிரியில வச்சா மூணுல ஒரு பங்கு காணாம போயிடும். சித்திரை வெயில்ல, ஃபேன் மட்டும் ஓடுற ரூம்ல, மெத்தை மேல லேப்டாப்ப வச்சு வேலை பார்த்தா 40 எல்லாம் ரொம்ப சுலபமா தாண்டிடும்ங்க.

அதனால கழட்டி கழட்டி மாட்ட வேண்டாம், சார்ஜ் 80ல நிக்கிற மாதிரி செட் பண்ணிடுங்க, இது ஒண்ணு பண்ணினாலே பாதி வேலை முடிஞ்சது. லெனோவோல வான்டேஜ் ஆப்ல கன்சர்வேஷன் மோட்னு இருக்கும், ஆசுஸ்ல மைஆசுஸ் ஆப்ல பேட்டரி கேர்னு தேடுங்க, டெல், எச்பி நிறைய மாடல்ல பயாஸ்லயே, அதாவது விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி திறக்கிற செட்டிங்ஸ்லயே இருக்கு. ஆப்பிள் மேக்ல ஆப்டிமைஸ்டு சார்ஜிங்னு இருக்கிறத ஆஃப் பண்ணாம விட்டுடுங்க. வெளியூர் போறப்ப மட்டும் முந்தின நாள் லிமிட்ட எடுத்துட்டு 100 ஏத்திக்கலாம், அதுல ஒரு தப்பும் இல்ல.

அடுத்தது சூடு. சர்வீசுக்கு வர்ற லேப்டாப்ப அடியில கழட்டினா ஃபேனுக்கும் சூட்ட வெளியேத்துற உலோகத் தகடான ஹீட்சிங்குக்கும் நடுவுல தூசி கம்பளித் துண்டு கணக்கா அடைச்சிருக்கும், விரலால பிடிச்சு இழுத்தா முழுசா உரிஞ்சு வரும். காத்து போக வழியே இல்லாம அந்த சூடு மொத்தமும் பக்கத்துல இருக்கிற பேட்டரி மேல இறங்குது. வருஷத்துக்கு ஒரு தடவ க்ளீன் பண்ணிடுங்க, மெத்தை தலகாணி மேல வைக்காதீங்க, வெயில்ல நிறுத்தின கார்ல விட்டுட்டு போகாதீங்க. இன்னொண்ணு நிறைய பேர் கவனிக்கிறதே இல்ல, மூடியை மட்டும் மூடிட்டு பைக்குள்ள போட்டா புது விண்டோஸ் மெஷின்ல சிலது உள்ளயே முழிச்சுக்கிட்டு ஓடும், வீட்டுக்கு வந்து எடுத்தா தொட முடியாத சூடு, சார்ஜும் பாதி போயிருக்கும். பைக்குள்ள போகணும்னா ஷட்டவுன் இல்லன்னா ஹைபர்னேட், அதாவது திறந்திருந்த வேலைய சேவ் பண்ணிட்டு மெஷின் முழுசா அணையுற மோட்.

ஜீரோ வரைக்கும் இறக்கிட்டுதான் சார்ஜ் போடணும்னு இன்னும் சொல்லிட்டே இருக்காங்க, அது நிக்கல் கேட்மியம் பேட்டரி காலத்துப் பேச்சு. லித்தியம் பேட்டரிய தினம் சுத்தமா இறக்கினா சீக்கிரம்தான் தேயும், 20, 30 இருக்கும்போதே போட்டுடுங்க. அடிக்கடி போட்டா சைக்கிள், அதாவது 100 சதவீத சார்ஜ் செலவான கணக்கு, கூடிடுமேன்னு பயப்படாதீங்க, இன்னைக்கு 50, நாளைக்கு 50 செலவு பண்ணா ரெண்டும் சேர்ந்துதான் ஒரு சைக்கிள். சார்ஜ் 30 காட்டும்போதே பொட்டுனு ஆஃப் ஆகுதுன்னா மட்டும் ஒரு தடவ முழுசா இறக்கி முழுசா ஏத்திப் பாருங்க, மீட்டர் தப்பா காட்டியிருந்தா சரியாகும், செல்லே தேஞ்சிருந்தா ஆகாது.

ஒரு சார்ஜ்ல எவ்வளவு நேரம் ஓடும்ங்கிறது தனிக் கணக்கு. பேட்டரி மேலயே வாட் ஹவர் போட்டிருக்கும், 50 வாட் ஹவர் பேட்டரில 10 வாட் இழுத்தா 5 மணி நேரம், 25 வாட் இழுத்தா 2 மணி நேரம், அவ்வளவுதான். ஸ்க்ரீன் வெளிச்சத்த பாதியாக்குங்க, நொடிக்கு 144 தடவ படம் மாத்துற 144 ஹெர்ட்ஸ் ஸ்க்ரீன்னா செட்டிங்ஸ்ல 60க்கு மாத்துங்க, தேவையில்லாத டேப் எல்லாம் மூடுங்க, வித்தியாசம் அன்னைக்கே தெரியும்.

புது பேட்டரிக்கு காசு போடுறதுக்கு முன்னாடி விண்டோஸ்ல கமாண்ட் ப்ராம்ப்ட்ல பேட்டரி ரிப்போர்ட் எடுத்துப் பாருங்க, கமாண்ட் என்னன்னு தேடினா உடனே கிடைக்கும். அதுல டிசைன் கெபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டின்னு ரெண்டு நம்பர் இருக்கும். 50,000ல 42,000 காட்டுதுன்னா பேட்டரி நல்லாத்தான் இருக்கு, ஏதோ ப்ரோக்ராம்தான் சார்ஜ குடிக்குது, அத தேடுங்க. 20,000க்கு கீழ வந்துடுச்சுன்னா மாத்திடுறதுதான் நல்லது.

ஆனா டச்பேட் க்ளிக் ஆகலன்னு லேப்டாப்ப கொண்டு வருவாங்க, பார்த்தா டச்பேட் லேசா மேடு தட்டியிருக்கும், டேபிள்ல வச்சா ஆடும். அது டச்பேட் கோளாறு இல்ல, அடியில பேட்டரி உப்பியிருக்கு. அப்படி இருந்தா ரிப்போர்ட் எல்லாம் பார்க்க வேண்டாம், சார்ஜர கழட்டி ஆஃப் பண்ணிட்டு கடைக்கு கொண்டு போயிடுங்க. அமுக்கிப் பார்க்கிறது, ஊசியால குத்தி உள்ள இருக்கிற வாயுவ வெளியேத்துறது ரெண்டும் தயவுசெஞ்சு வேண்டாம், தீப்பிடிச்சுக்கும். கழட்டின பேட்டரியையும் வீட்டு குப்பையில போடாதீங்க, குப்பை லாரில நசுங்கினாலும் அதே ஆபத்துதான், மாத்துற கடையிலயே கொடுத்து இ-வேஸ்ட்டுக்கு அனுப்பச் சொல்லிடுங்க.