லாட்ஜில் ஆதார் கேட்டால்?

கேள்வி: ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் ரூம் போட்டோம். ரிசப்ஷனில் இருந்த பையன் எங்கள் எல்லாருடைய ஆதாரையும் வாங்கி, தன் சொந்த செல்போனிலேயே போட்டோ எடுத்துக்கொண்டான். தனியுரிமை அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டதே, இது சரியா?
— ஒரு வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: அடையாள அட்டை கேட்டதில் தப்பில்லைங்க, சொந்த போனில் எடுத்ததுதான் தப்பு. ஆனால் நீங்கள் சொல்லும் தீர்ப்பை மட்டும் காட்டி லாட்ஜ்காரரை மடக்க முடியாது, ஏனென்றால் அடிப்படை உரிமை முக்கியமாக அரசாங்கத்தின் கையைக் கட்டத்தான்.

அந்த உரிமையும் சுலபமாக வந்துவிடவில்லை. 1954-இல் 8 நீதிபதிகளும் 1962-இல் 6 நீதிபதிகளும் சொன்னதைக் காட்டி, அப்படி ஒரு உரிமையே சாசனத்தில் கிடையாது என்று ஆதார் வழக்கில் மத்திய அரசு வாதாடியது. அதைத் தாண்ட 9 பேர் உட்கார வேண்டியிருந்தது, 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது பேரும் ஒரே குரலில் உரிமை உண்டு என்றார்கள். இதற்கு நடுவில், கொலை வழக்கில் தூக்குத்தண்டனை பெற்ற ஆட்டோ சங்கரின் கதை தொடர்பான வழக்கு. அவர் வாழ்க்கைக் கதையை நக்கீரன் பத்திரிகை வெளியிடக்கூடாது என்று சிறை அதிகாரிகள் மறித்தபோது, முன்கூட்டியே தடுக்க அதிகாரிகளுக்கு உரிமையில்லை, அதேசமயம் எந்தக் குடிமகனுக்கும் 'என்னை விட்டுவிடு' என்று சொல்லும் உரிமை உண்டு என்று 1994-இல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. அடுத்த வருஷம் அவரைத் தூக்கிலிட்டது நம்ம சேலம் மத்திய சிறையில்தான்.

சரி, தனியார் விஷயத்துக்கு வருவோம். தனியார் கம்பெனிகள் ஆதாரைப் பயன்படுத்த வழிவிட்ட பிரிவை 2018-இல் கோர்ட் வெட்டியது, 2019-லேயே பாராளுமன்றம் 'விருப்பப்பட்டால்' என்ற பெயரில் பேங்குக்கும் சிம் கம்பெனிக்கும் கதவைத் திறந்தது. கோர்ட் கோடு போட்டால் இவர்கள் சந்து கண்டுபிடிப்பார்கள்! 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அப்படித்தான்: தரவைப் பத்திரமாக வைக்காத கம்பெனிக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம், மத்திய அரசு அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்கோ விலக்கு. என்னைக் கேட்டால் 2017 தீர்ப்பை அங்கேதான் நீர்த்துப்போகச் செய்துவிட்டார்கள். இருந்தாலும் லாட்ஜ் மாதிரி இடங்களைக் கேள்வி கேட்க நமக்கு உதவப்போவது இந்தச் சட்டம்தான். விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முழுசாக அமலாக இன்னும் கொஞ்சம் காலம் பிடிக்கும்.

அதுவரை, வாக்காளர் அட்டையோ டிரைவிங் லைசென்ஸோ காட்டுங்கள். ஆதார்தான் கையில் இருக்கிறதென்றால், கடைசி 4 எண் மட்டும் தெரிகிற நகலை ஆதார் இணையதளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். அப்புறம் அந்த மேனேஜருக்குப் போன் போட்டு, படங்களை அழிக்கச் சொல்லி, அழித்ததை வாட்ஸ்அப்பில் எழுதியும் வாங்கிவிடுங்கள்.